வாக்காளரை இழந்த தலைவர்

விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரி கல்முனையைச் சேர்ந்தவள். ஒரு நாள் இரவு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள். "நீங்கெல்லாம் இந்தியாவிலிருந்து வந்த ஆக்கள்தானே? அப்ப ஒங்களுக்கு வோட்டு இரிக்கா?"

அவள் குத்திப் பேசவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஹட்டனில் பிறந்தவள். என் வாப்பாவும் ஹட்டனில் பிறந்தவர். வாக்காளர் இடாப்பில் எங்கள் வீட்டார் எல்லோருடைய பெயரும் இருக்கிறது. "இரிக்கு" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்: அந்த ஒரு சொல் எங்கள் மலைக்கு வந்து சேர எத்தனை காலம் பிடித்தது? இல்லாமற் போன வாக்கு எப்படித் திரும்பி வந்தது?

அந்தக் கேள்விக்கு விடை தேடினால் ஒரு மனிதரைச் சந்திக்காமல் போக முடியாது. அவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அவரைப் புகழ்ந்து எழுதியவர்களும் உண்டு, இகழ்ந்து எழுதியவர்களும் உண்டு. நான் இங்கே சொல்ல விரும்புவது ஒன்றைத்தான். ஓர் அரசியல்வாதிக்கு வாக்காளரே இல்லாமற் போனால் அவர் என்ன செய்வார்? அதற்கு எங்கள் மலையகம் கண்ட விடைதான் தொண்டமானின் வாழ்க்கை.

செக்ரோலும் வாக்காளர் இடாப்பும்

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடைத்தால் அதற்கும் கணக்கு உண்டு. "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கேட்டால், எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். அந்தப் பேரைப் பதிகிற புத்தகம் செக்ரோல். கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் தோணியிலும் வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று தலைமுறை தலைமுறையாக அந்தப் புத்தகத்தில் பெயர் தவறாமல் இருந்தது. வாக்காளர் இடாப்பில் மட்டும் அவர்களுடைய பெயர் வந்தது, போனது, மீண்டும் வந்தது.

வந்த கதை 1931இல் தொடங்குகிறது. டொனமூர் யாப்பின் கீழ் இலங்கையில் வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவில் வேறெங்கும் பெண்களுக்கும் ஏழைகளுக்கும் இப்படி ஒருசேர வாக்குரிமை கிடைத்திராத காலம் அது. தோட்டத்து மக்களுக்கு வதிவிட நிபந்தனைகள் பல இருந்தாலும், கணிசமானோர் வாக்களித்தனர். 1931இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936இல் அதே தொகுதியில் கோ. நடேசய்யர் வென்றார். மலையகத்தின் முதல் தொழிற்சங்கத் தலைவர்களில் ஒருவர் அவர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டு எழுதிப் பாடித் தொழிலாளரைத் திரட்டியவர். தொண்டமானின் கதை வெறும் நிலத்தில் முளைக்கவில்லை என்பதற்காகவே இவர்களை நினைவுபடுத்துகிறேன்.

வேவண்டனிலிருந்து

தொண்டமான் பிறந்தது 1913 ஆகஸ்ட் 30ஆம் திகதி, தமிழ்நாட்டில் மூணாபுதூர் என்ற சிற்றூரில். தந்தையார் கருப்பையா இலங்கைக்குத் தொழிலாளியாக வந்து, கங்காணியாகி, பின்னர் ரம்பொடைப் பக்கத்தில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். மகன் சிறுவயதில் தந்தையிடம் வந்து சேர்ந்தார். கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியில் படித்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தோட்டத் தொழிலாளரின் தலைவர் ஒரு தோட்டச் சொந்தக்காரர்! இடதுசாரிகள் வாழ்நாள் முழுவதும் அவர்மேல் வைத்த முதற் குற்றச்சாட்டு இதுதான். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வேறொரு பக்கமும் உண்டு. அந்தக் காலத்தில் துரையின் முன் தொழிலாளி செருப்புப் போட்டு நிற்க முடியாது. குடையை மடக்க வேண்டும். துரையோடு சரிசமமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிற நம்மவர் ஒருவரைக் காண்பதே அந்த மக்களுக்குப் புதுமை. தொண்டமானுக்குக் கணக்குத் தெரியும். ஓர் இறாத்தல் தேயிலைக்கு என்ன செலவு, என்ன இலாபம் என்று தெரிந்தவரிடம் 'கம்பனிக்கு நட்டம்' என்று சொல்லி எளிதில் தப்ப முடியாது.

1939இல் இலங்கை அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதையொட்டி ஜவஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். பிரிந்து கிடந்த இந்தியச் சங்கங்கள் அவர் முன்னிலையில் ஒன்றாகி, அவ்வாண்டு ஜூலையில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. இளைஞரான தொண்டமான் கம்பளைக் கிளையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டுப் போராடியபோது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். தோட்டங்களில் தொழிற்சங்கம் காட்டுத் தீயாகப் பரவியது அதன் பிறகுதான். காங்கிரசின் தொழிற்சங்கமே பின்னாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது.

இங்கே நம் வாசகியர் அறிய வேண்டிய இன்னொரு பெயர் ஏ. அசீஸ். ஸாஹிராக் கல்லூரி அதிபராயிருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களை நமக்குத் தெரியும், இவர் வேறு. காங்கிரசைத் தொடக்கத்திலிருந்து கட்டியெழுப்பியவர்களில் இந்த அசீஸும் ஒருவர். தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோர் இந்துக்கள்; அவர்களுக்குத் தலைவராக ஒரு முஸ்லிம். அவர்கள் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. 1950களின் நடுப்பகுதியில் தொண்டமானோடு முரண்பட்டுப் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை அமைத்தார். எங்கள் மூத்தாப்பா இன்றைக்கும் தோட்டங்களை 'தொண்டமான் கட்சித் தோட்டம்', 'அசீஸ் கட்சித் தோட்டம்' என்று பிரித்துத்தான் சொல்வார்.

ஏழு ஆசனங்களும் மூன்று சட்டங்களும்

1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தொண்டமான் நுவரெலியாவில் வென்றார். தலவாக்கலையில் வென்ற சி.வி. வேலுப்பிள்ளையை எழுத்தாளராகவும் நாம் அறிவோம். காங்கிரஸ் போட்டியிடாத பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கு விழுந்தன. அப்போது இந்திய வம்சாவளித் தமிழர் ஏறக்குறைய 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல். ஆட்சியிலிருந்தவர்களுக்கு இந்த வாக்குகள் அச்சத்தைத் தந்தன.

சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்ததனால் மட்டும் ஒருவர் இலங்கைப் பிரஜை ஆகிவிட மாட்டார். தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கவும் வேண்டும். லயத்தில் பிறந்த பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருக்கும்? 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. தொடர்ந்து 7 வருடம் இங்கே வாழ்ந்ததை, மணமாகாதவராயின் 10 வருடம் வாழ்ந்ததை, நிரூபித்தால் பதிவுப் பிரஜையாகலாம் என்றது அது. அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜை அல்லாதவர் பெயர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டது. அரசாங்கப் பக்கத்தில் தமிழ் அமைச்சர்களும் முஸ்லிம் அமைச்சரும் இருந்த காலத்திலேயே இவை நடந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்த இரண்டாவது சட்டத்தின் பெயரில் 'பாகிஸ்தானிய' என்று இருப்பதைக் கவனியுங்கள். எங்கள் வீட்டுக் கதை அங்கேதான் வருகிறது. என் பூட்டனார் இராமநாதபுரக் கடலோரத்திலிருந்து பையனாக வந்து ஹட்டனில் ஒரு கடையில் நின்றவர். பின் சொந்தமாகக் கடை போட்டவர். அவரும் அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்தான். கடை வாடகைத் துண்டு, பழைய கணக்குப் புத்தகம், கப்பல் சீட்டு என்று கிடைத்ததையெல்லாம் கட்டிக்கொண்டு விசாரணைக்குப் போனாராம். கடைக்காரரிடம் துண்டும் துணுக்கும் இருந்தன; அவருக்குக் கிடைத்தது. கொழுந்து பறித்தவரிடம் என்ன இருந்தது? செக்ரோல் இருந்தது, அதுவும் தோட்டத்துரையின் கையில். காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தையே பகிஷ்கரித்தது. பின்னர் மனம் மாறிக் காலக்கெடு முடியுமுன் அவசர அவசரமாக மனுக்களை நிரப்பியது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. முடிவில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

1952 ஏப்ரலில் தொண்டமானும் தோழர்களும் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். அது மாதக்கணக்கில் நடந்தது. நீதிமன்றத்துக்கும் போனார்கள்; இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை வழக்குச் சென்று தோற்றது. அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. ஏழு உறுப்பினரை அனுப்பிய மக்கள் ஐந்து வருடத்தில் எவரையும் அனுப்ப முடியாதவராயினர்.

சட்டம் விட்டுவைத்த ஒன்று

இந்த நிலையில் வேறொருவராயின் அரசியலை விட்டிருப்பார். தொண்டமான் ஒன்றைக் கண்டுகொண்டார். வாக்குச்சீட்டைப் பறித்த சட்டம் சங்கத்துச் சந்தாவைப் பறிக்கவில்லை. தொழிற்சங்கத்தில் சேரப் பிரஜாவுரிமை தேவையில்லை. செக்ரோலில் பெயர் இருந்தால் போதும். சந்தாவும் அந்தச் செக்ரோலிலேயே சம்பளத்தில் கழியும்.

தேயிலையின் இயல்பும் அவருக்குத் துணை நின்றது. கொழுந்தை ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு முறை எடுத்தாக வேண்டும். இரண்டு சுற்றுத் தவறினால் இலை முற்றிவிடும். அந்த இலை நல்ல தேயிலைக்கு ஆகாது. அன்றைய இலங்கை சம்பாதித்த அந்நியச் செலாவணியில் பெரும்பங்கு அந்தக் கொழுந்திலிருந்துதான் வந்தது. வாக்களிக்க முடியாத ஒரு பெண் கூடையைக் கீழே வைத்தால் கொழும்பில் திறைசேரிக்குக் கேட்கும். இதுதான் தொண்டமானின் முழு அரசியலுக்கும் அடிப்படை.

அதனால்தான் எதிரெதிர்க் கட்சிகள் இரண்டும் அவரை மாறி மாறி அழைத்தன. 1960இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். 1965இல் டட்லி சேனாநாயக்க ஆட்சியிலும் நியமன உறுப்பினரானார். சந்தர்ப்பவாதம் என்றார்கள். வாக்காளர் உள்ள தலைவர் தேர்தலுக்காகக் காத்திருக்கலாம். வாக்காளர் இல்லாதவருக்குக் காத்திருக்க ஒரு நாளும் இல்லையே. குற்றச்சாட்டும் உண்மை, காரணமும் உண்மை.

கரும்புத் தோட்டத்திலிருந்து ஒருவர்

உலகின் மறுகோடியில் இதே காலத்தில் இன்னொரு தோட்டப் பிள்ளையும் அரசியலுக்கு வந்தார். அவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நம் கதையின் தனித்தன்மை விளங்கும்.

கரீபிய நாடுகளோடு சேர்த்து எண்ணப்படும் பிரித்தானிய கயானாவில், போர்ட் மொரன்ட் என்ற கரும்புத் தோட்டத்தில் 1918இல் பிறந்தவர் செடி ஜெகன். கிரிக்கெட் வீரர் ரோகன் கன்ஹாயின் ஊரும் அதுவே. ஜெகனின் பெற்றோர் வட இந்தியாவிலிருந்து குழந்தைகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டவர்கள். தந்தை கரும்பு வெட்டி, பிறகு ஆட்களை வேலை வாங்கும் 'டிரைவர்' ஆனவர். நம்மூர்க் கங்காணி மாதிரித்தான். மகன் அமெரிக்காவில் பல் வைத்தியம் படித்துத் திரும்பினார். 1947இல் சட்டசபைக்குத் தெரிவானார். தொண்டமான் பாராளுமன்றம் போன அதே ஆண்டு! இங்கே முல்லோயா என்றால் அங்கே என்மோர்: 1948 ஜூனில் அங்கே கரும்புத் தொழிலாளர் ஐவர் பொலிஸாரின் சூட்டில் இறந்தனர்.

அதன் பிறகு பாதைகள் பிரிகின்றன. கயானாவில் 1953இல் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. ஜெகனின் கட்சி 24 ஆசனங்களில் 18ஐ வென்றது. பிரித்தானியா 133 நாளில் அந்த ஆட்சியைக் கலைத்தது. அவர் மீண்டும் வென்றார். 1964இல் தேர்தல் முறையே மாற்றப்பட்ட பின் ஆட்சியை இழந்தார். 28 ஆண்டுகள் எதிர்க்கட்சியில் இருந்து, 1992இல் நாட்டின் ஜனாதிபதியானார். 1997இல் பதவியில் இருந்தபடியே இறந்தார்.

ஜெகனிடமிருந்து பதவியைப் பறித்தார்கள். வாக்காளரைப் பறிக்க முடியவில்லை. அதனால் அவர் திரும்பி வர முடிந்தது. தொண்டமானிடமிருந்து வாக்காளரையே எடுத்துவிட்டார்கள். கயானாவின் கரும்பு வெட்டி தோற்றாலும் அந்த நாட்டவர். நம் கொழுந்துக்காரி எந்த நாட்டவரும் அல்லர்.

1964 ஒக்டோபர் 30

ஜெகன் ஆட்சியை இழந்த அதே 1964இல் இங்கே ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவர் 9 இலட்சத்து 75 ஆயிரம் என்று கணக்கிட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974இல் அந்த மீதியையும் 75 ஆயிரம், 75 ஆயிரம் என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. மனிதரைச் சரக்குப் போலப் பங்கு போடுகிறார்கள் என்று தொண்டமான் எதிர்த்தார். எதிர்த்தும் தடுக்க முடியவில்லை. அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய தோல்வி இதுதான்.

எங்கள் மூத்தாப்பா அப்போது இருபத்து நான்கு வயது வாலிபர், கடையில் கணக்கெழுதியவர். தோட்டத்து ஆட்களுக்கு மாதக் கடன் கொடுப்பது வழக்கம். சம்பளத்தன்று வந்து தீர்ப்பார்கள். இந்தியாவுக்குப் போகப் பதிந்தவர்கள் புறப்படுவதற்கு முதல் நாள் கடைக்கு வந்து கடனைத் தீர்த்துவிட்டுப் போவார்களாம். "கடனோட போகக் கூடாதுங்க மொதலாளி" என்பார்களாம். போகிறவரைக் கடனுக்காக யார் தேடிப் போவார்? இருந்தும் வந்தார்கள். மூத்தாப்பா அந்தப் பெயர்களின் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் 'ஊர்' என்று எழுதுவாராம். "ஒரு பக்கத்தில அஞ்சாறு கோடு விழுந்தா அன்டைக்கு எனக்குச் சோறு இறங்காது" என்று சொல்வார். ஹட்டன் ஸ்டேஷனில் அவர்களை ஏற்றிச் சென்ற இரயிலை மலையகம் 'ஒப்பாரிக் கோச்சி' என்றது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, அவர்களில் பலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கூடை சுமந்தார்கள். அங்கே அவர்களுக்குச் 'சிலோன்காரர்' என்று பெயர்.

முப்பது வருடத்துக்குப் பின்

1970களின் முற்பாதி தோட்டங்களுக்குப் பஞ்ச காலம். 1972இல் வட கிழக்குத் தமிழ்க் கட்சிகளோடு சேர்ந்து தமிழர் கூட்டணியின் தலைவர்களில் ஒருவரானார் தொண்டமான். 1976இல் அந்தக் கூட்டணி தனிநாட்டுக் கோரிக்கைக்குச் சென்றபோது விலகி நின்றார். மலையகத் தமிழர் சிங்கள மாகாணங்களின் நடுவே வாழ்கிறவர்கள். தனிநாடு வந்தால் அது அவர்களுக்கு எங்கே இருக்கும் என்பதே அவருடைய கணக்கு. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த தொழிலாளர்மேல் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் இறந்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பொதுத்தேர்தல். நுவரெலியா - மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதி. காமினி திசாநாயக்க முதலாவதாகவும், அநுர பண்டாரநாயக்க இரண்டாவதாகவும், தொண்டமான் மூன்றாவதாகவும் வந்தார்கள். 1947க்குப் பிறகு மக்கள் வாக்கால் அவர் பாராளுமன்றம் போனது அதுவே முதல் தடவை. 34 வயதில் வென்றவர் மீண்டும் வென்றது 63 வயதில்.

1978இல் ஜே.ஆர். ஜயவர்த்தன அரசில் அமைச்சரானார். அமைச்சராக இருந்துகொண்டே அந்த அரசுக்கு எதிராக வேலைநிறுத்தம் நடத்தினார்! தோட்டங்கள் அப்போது அரசுடைமை, முதலாளி அரசாங்கம்தான். 1984 ஏப்ரலில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் பயனாகச் சம்பளம் உயர்ந்தது. அதோடு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்றாயிற்று. அதுவரைக்கும் பெண்ணுக்குக் குறைவு. விடியற்காலை எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலையேறிக் கொழுந்து பறித்த பெண்ணுக்கு, முள்ளுக்குத்திய ஆணைவிடக் குறைந்த கூலி. இது மாறியதைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாவது இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது 1986. இந்தியாவுக்கும் போகாமல், இலங்கைப் பிரஜையும் ஆகாமல் 94 ஆயிரம் பேர் நடுவே தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வாண்டு தைப்பொங்கலோடு தொண்டமான் ஒரு 'பிரார்த்தனை இயக்கம்' அறிவித்தார். காலையில் வேலைக்கு இறங்காமல் நண்பகல் வரை பிரார்த்தனை. வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதம் எனலாம். பிரார்த்தனையை எந்த அரசு தடைசெய்யும்? ஆனால் கொழுந்துக்குத் தெரியுமா அது பிரார்த்தனையா வேலைநிறுத்தமா என்று! அரசு விரைவிலேயே இணங்கியது. நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1988இல் இன்னொரு சட்டம் எஞ்சிய பலரின் வழக்கையும் தீர்த்தது. 1948இல் கதவு மூடியது. அது திறக்க நாற்பது வருடம் பிடித்தது. விடுபட்டுப்போன சிலருக்காக 2003இல் கடைசிச் சட்டம் வந்தபோது தொண்டமான் இல்லை. 1999 ஒக்டோபர் 30ஆம் திகதி அவர் காலமானார். ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாள், 35 வருடம் கழித்து.

மிச்சமிருப்பவை

இறக்கும்வரை இருபத்தோராண்டு, நான்கு ஜனாதிபதிகளின் கீழ் அவர் அமைச்சர். அத்தனை வருடத்திலும் லயங்கள் பெரும்பாலும் லயங்களாகவே இருந்தன. என் பள்ளித் தோழி ஒருத்தியின் லயத்துக்கு நோன்புப் பெருநாளன்று வட்டிலப்பம் கொண்டுபோவேன். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதற்குள் ஆறு பேர். மழைக்குத் தகரம் போடும் சத்தத்தில் படிக்க முடியாது என்பாள். காணியுரிமை இல்லாத பிரஜாவுரிமை பாதி உரிமைதானே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. 1983 ஜூலையில் மலையகமும் எரிந்தபோது அவர் அமைச்சரவையிலேயே இருந்தார் என்பது இன்னொரு விமர்சனம். சங்கத்தின் தலைமை அவருக்குப் பின் பேரன் ஆறுமுகன் தொண்டமானிடம் போய்க் குடும்பச் சொத்துப் போலானது என்பது மற்றொன்று. நடேசய்யர், அசீஸ், வேலுப்பிள்ளை, பெயர் தெரியாத தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் என்று எத்தனையோ பேரின் உழைப்பு 'தொண்டமான்' என்ற ஒரே பெயரில் கணக்கெழுதப்பட்டுவிட்டது என்பது நான் படித்துப் படித்து உணர்ந்தது.

அப்படியானால் அவருடைய பங்கு என்ன? வாக்கு இல்லாத மக்களுக்கு, வாக்கு திரும்பி வரும்வரை, வேறொரு பலம் இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறைக்கு மேல் பொறுமையாகப் பேரம் பேசியது. பேரத்தில் சில நேரம் அதிகம் விட்டுக்கொடுத்தார்; ஆனால் மேசையை விட்டு எழுந்து போகவில்லை.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது கிராம உத்தியோகத்தரிடம் போனேன். இந்த வருடம்தான் என் பெயர் முதன்முதலாக வாக்காளர் இடாப்பில் ஏற வேண்டும். எனக்கு முன்னால் ஒரு தோட்டத்துப் பெண் நின்றாள். என் வயதுதான் இருக்கும். கையில் படிவம். உத்தியோகத்தர் பெயரைக் கேட்டார், பிறந்த திகதியைக் கேட்டார், எழுதிக்கொண்டார். தந்தை எங்கே பிறந்தார், பாட்டன் எங்கே பிறந்தார் என்று கேட்கவில்லை. அவள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே "முடிஞ்சுதா சேர்?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

திரும்பி விடுதிக்கு வந்ததும் இதைத்தான் முதலில் கல்முனைத் தோழியிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அன்டைக்கு நான் கேட்டது பிழையா?" என்றாள். பிழையில்லை என்றேன். அவள் கேட்டிருக்காவிட்டால் நானும் தேடிப் படித்திருக்க மாட்டேன்.